பூரணியும் சின்னத்தொரையும்

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து மஃறூப் முதலாளி நேரே ஸ்டோருக்கு வந்தால், தேயிலைப் பக்கத்துக் கதவை அவர் முகத்துக்கு முன்னாலேயே சாத்துகிற ஆள் பூரணி ஒருத்திதான். "அத்தர் வாசம் வருது முதலாளி. நாளைக்கு வந்து பாருங்க" என்பாள். சம்பளம் கொடுக்கிற மனுஷனை வாசலோடு திருப்பி அனுப்ப எனக்குத் தைரியம் வராது. அவரும் சிரித்துக்கொண்டே அரிசிப் பக்கம் போய்விடுவார்.

லிந்துலையில் தலவாக்கலைக்குப் போகிற பாதையில் இருக்கிறது அந்த ஸ்டோர். சுற்றியுள்ள தோட்டத்துக் கடைகளுக்கெல்லாம் அரிசி, மா, சவர்க்காரம், கருவாடு எல்லாம் இங்கிருந்துதான் போகும். சின்னச் சின்ன தொழிற்சாலைகளில் வாங்கிய தேயிலையை மூட்டையாக அடுக்கிவைத்து கொழும்புக்கு அனுப்புவதும் இங்கிருந்துதான். நான் யோகேஸ்வரன். இருபத்திரண்டு வருஷமாக இங்கே கணக்கெழுதுகிற கிளாக்கர். கோபக்காரன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அதைச் சொல்கிறவர்களைக் கண்டாலும் எனக்குக் கோபம் வரும்.

பூரணி பிறந்தது நோட்டன் பிரிட்ஜ் பக்கம். கட்டிக்கொண்டு வந்தது லிந்துலைக்கு. பதினாலு வருஷம் கொழுந்து பறித்தாள். பதினோரு வருஷத்துக்கு முன்னால், பொங்கல் நேரத்தில் ஆள் போதாமல் சாமானைப் பக்கெட்டுகளில் அடைப்பதற்குப் பத்து நாளைக்குக் கூப்பிட்டோம். பத்து நாளும் முடிந்தது, அவள் போகவில்லை. நாங்களும் போகச் சொல்லவில்லை. புருஷன் அழகுமுத்து மரக்கறித் தோட்டத்தில் வேலை. மகள் லோஜினி பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்புப் படிக்கிறாள். மழையில் நனையாத, அட்டை கடிக்காத வேலை தனக்குக் கிடைத்ததே மகளுடைய அதிர்ஷ்டம்தான் என்று பூரணி அடிக்கடி சொல்வாள்.

தேயிலை மாதிரி ரோஷம் கெட்ட சரக்கு உலகத்தில் கிடையாது. பக்கத்தில் எது இருக்கிறதோ அதன் வாசத்தைக் கூச்சமில்லாமல் வாங்கிக்கொள்ளும். சவர்க்காரத்துக்குப் பக்கத்தில் வைத்தால் சவர்க்காரத் தண்ணியைத்தான் குடிக்க வேண்டும். அதனால் வேலை நாளில் பூரணி பூ வைக்கமாட்டாள், பவுடர் போடமாட்டாள். தலைக்கு எண்ணெய் ஞாயிற்றுக்கிழமை மட்டும். மூட்டை வந்தாலும் போனாலும் அதன் தைத்த வாயோரத்தில் இரண்டு கையையும் வைத்து ஒரு அமுக்கு அமுக்குவாள். தையல் வழியாகப் புஸ்ஸென்று காற்று வரும். அதை மோந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்த மூட்டைக்குப் போவாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளாகப் பழகிக்கொண்டது.

போன டிசம்பரில் முதலாளியின் மகன் ஸஃப்வான் கொழும்பில் படித்து முடித்து வந்தான். வந்த கையோடு ஸ்டோருக்கு ஒரு சிஸ்டம் போட்டான். ஒவ்வொரு பெட்டிக்கும் மூட்டைக்கும் கோடு கோடாக ஒரு ஸ்டிக்கர், ஒவ்வொரு ரேக்குக்கும் ஒரு இலக்கம், ஒவ்வொருவர் கையிலும் ஒரு ஸ்கேனர். எந்தச் சாமானை எங்கே வைக்க வேண்டும், எதை எப்போது எடுக்க வேண்டும் என்று அதுவே சொல்லும். காலையில் வேலைக்கு வந்ததும் இன்றைக்கு யாருக்கு என்ன வேலை என்பதும் அதில்தான் வரும். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற தோட்டத்துப் பெரட்டில் நின்று வளர்ந்த எங்கள் ஆட்களுக்கு அதற்குப் பெயர் வைக்க அரை நாள்கூட ஆகவில்லை. தோட்டத்தில் பெரிய தொரைக்குக் கீழே வேலை ஏவுகிறவரைப் போலச் சின்னத்தொரை என்று வைத்துவிட்டார்கள்.

சின்னத்தொரையைப் பூரணிக்குப் பிடித்திருந்தது. அதைச் சொல்லாவிட்டால் அநியாயம். முன்பெல்லாம் ஒரு மூட்டையைத் தேடி நாலு அடுக்கைப் பிரித்து மறுபடி அடுக்க வேண்டும். முழங்கால் வலிக்குத் தைலம் தடவவும் வழியில்லை, தேயிலைக்கு ஆகாது. இப்போது இலக்கத்தைப் பார்த்து நேரே போய் எடுக்கலாம். "தொரைமாருல இவரு ஒருத்தருதான் ஏசாம வேலை சொல்றாரு" என்பாள்.

வினை வேறு பக்கமிருந்து வந்தது. சிஸ்டம் ஒவ்வொருவரும் ஒரு மணித்தியாலத்தில் எத்தனை உருப்படி எடுத்தார்கள் என்று கணக்குப் பிடித்து, சுவரில் மாட்டிய டீவியில் காட்டியது. ஆண்டியப்பன் ஐம்பத்தெட்டு. மற்றவர்கள் நாற்பத்தைந்து, ஐம்பது. பூரணி முப்பத்தொன்று. மோந்து பார்க்கிற நேரம் சின்னத்தொரை கணக்கில் சும்மா நிற்கிற நேரம். ஏழு பேர் செய்கிற வேலைக்கு இனி ஆறு பேர் போதும், மார்ச் கடைசியில் கடைசி இடத்தில் இருப்பவரை நிறுத்தலாம் என்று ஸஃப்வான் தன் வாப்பாவான முதலாளியிடம் சொல்லியிருந்தான். அது எல்லோர் காதுக்கும் வந்துவிட்டது. அந்தக் கடைசி ஆள் யார் என்று டீவியைப் பார்த்தால் தெரியும்.

"மோந்து பாக்குறதக் கொஞ்சம் கொறச்சுக்கயேன்" என்று ஒருநாள் சொன்னேன்.

"கொறச்சா ஐம்பது எடுப்பேங்க ஐயா. ஆனா எதை அனுப்புறேன்னு எனக்கே தெரியாதே" என்றாள். பிடிவாதக்காரி. எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் பாதி அவளுக்காக வந்த பயம்.

மார்ச் இரண்டாவது வாரம் நோட்டன் பிரிட்ஜில் தம்பி மகள் கல்யாணம் என்று பூரணி வியாழன், வெள்ளி, சனி மூன்று நாள் லீவு எடுத்தாள். மூன்று நாளும் மழை. போதாததற்குத் திங்கட்கிழமை மண் சரிந்து பஸ் ஓடவில்லை. செவ்வாய்க்கிழமைதான் வந்து சேர்ந்தாள். அன்றைக்குப் பார்த்து கொழும்பு ஏற்றுமதிக்காரருக்கு நூற்றிருபது மூட்டை தேயிலை போக வேண்டும். புது வாடிக்கை, முதல் லோட். லொறி பத்து மணிக்கே வந்து பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றது.

பூரணி முதல் மூட்டையை அமுக்கினாள். இரண்டாவதை அமுக்கினாள். ஏழாவது மூட்டையில் நின்றுவிட்டாள். மறுபடி அமுக்கினாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"ஐயா, இதுல கற்பூர வாசம் வருதுங்க."

நானும் குனிந்து மோந்தேன். தேயிலை வாசம்தான் வந்தது. ஆண்டியப்பன் மோந்தான். அவனுக்கும் ஒன்றும் தெரியவில்லை. "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனைன்னு சொல்லுவாங்களே கிளாக்கர் ஐயா, அது நம்ம ரெண்டு பேருந்தான்" என்று சிரித்தான். அவன் தன்னையும் சேர்த்துக்கொண்டதால் எனக்குக் கோபம் வரவில்லை.

ஸஃப்வான் வந்தான். சுற்றிலும் பார்த்தான். ஸ்டோரின் அந்தப் பக்கத்தில் கற்பூரம் என்ற சாமானே இல்லை. எதிர் ரேக்கில் பருப்புதான் இருந்தது.

"பூரணி அக்கா, கற்பூரம் எங்க இருக்கு? நீங்களே காட்டுங்க."

"இப்ப இல்லீங்க தம்பி. ஆனா இருந்திருக்கு."

"லொறி வெய்ட் பண்ணுது. இன்னும் நூத்திப் பதிமூணு மூட்டை ஏத்தணும். இப்படி ஒவ்வொண்ணுக்கும் நின்னா எப்படி?"

அவன் கெட்டவன் இல்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. ஆனால் அவன் பார்வை ஒரு தடவை டீவிப் பக்கம் போய்த் திரும்பியது. அதைப் பூரணியும் கண்டாள். மார்ச் முடிய இன்னும் இரண்டு வாரம். கடைசி இடத்தில் இருக்கிற ஆள், இல்லாத கற்பூரத்தைச் சொல்லி முதலாளியின் முதல் லோட்டை மறிக்கிறாள். வெளியே இருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். நானாக இருந்தால் "எனக்கென்ன" என்று ஏற்றிவிட்டிருப்பேன்.

பூரணி லொறிக்கும் மூட்டைக்கும் நடுவில் போய் நின்றாள்.

"தம்பி, என்னைய நிறுத்துறதா இருந்தா நிறுத்திக்குங்க. இதை மட்டும் ஏத்தாதீங்க. கொழும்புல ஊத்திக் குடிச்ச ஒடனே தெரிஞ்சிரும். அப்புறம் வாப்பா பேருதான் கெடும்."

ஸஃப்வான் கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு, "சிஸ்டம்ல பாக்குறேன். அதுல இல்லாட்டி ஏத்தணும்" என்று சொல்லி லெப்டொப்பைத் திறந்தான்.

அந்த ஏழாவது மூட்டையின் இலக்கத்தைப் போட்டான். அது வந்த நாளிலிருந்து எந்த ரேக்கில் எத்தனை மணிக்கு இருந்தது என்று வரிசையாக வந்தது. வியாழக்கிழமை பகல் இரண்டு பத்துக்கு உள் ரேக்கிலிருந்து கதவோரத்து ரேக்குக்கு மாற்றப்பட்டிருந்தது. கதவோரத்து எதிர் ரேக்கில் அப்போது என்ன இருந்தது என்று கேட்டான். திரையில் வந்ததைப் பார்த்து அவன் லெப்டொப்பை என் பக்கம் தள்ளினான். நான்தான் வாசித்தேன். கற்பூரம், முப்பத்து நாலு பெட்டி. வியாழன் பகல் வந்து, திங்கள் காலை ஒன்பது மணிக்கு நல்லதண்ணி ஊருக்குப் போயிருக்கிறது.

நடந்தது இவ்வளவுதான். சனங்கள் மலைக்கு யாத்திரை போகிற காலம். மலையடிவாரத்து நல்லதண்ணிக் கடைகளுக்குக் கற்பூரம் அவசரமாகப் போக வேண்டும். கொழும்புக்குத் தேயிலை அவசரமாகப் போக வேண்டும். அவசரச் சாமானைக் கதவுக்குக் கிட்ட வைக்க வேண்டும் என்பது சின்னத்தொரைக்குத் தெரிந்த நியாயம். இரண்டையும் கிட்டக் கிட்ட வைக்கச் சொல்லிவிட்டது. மழைக்குக் கதவெல்லாம் சாத்தி, நாலு நாள் இரண்டும் முகத்தோடு முகம் பார்த்துக்கொண்டு இருந்திருக்கின்றன.

"ஏன்டா ஆண்டியப்பா, தேயிலைக்கு எதிர்ல கற்பூரத்த வைக்கக் கூடாதுன்னு ஒனக்குத் தெரியாதா?" என்று கத்தினேன்.

"தெரியுங்க ஐயா. ஆனா சின்னத்தொரை சொன்னாரே" என்றான். "தொரை சொன்னா ஏன்னு கேக்கக் கூடாதுன்னுதானே நம்மள வளத்திருக்காங்க."

அவன் கிண்டலாகச் சொல்லவில்லை. நாலு தலைமுறையாக எங்களுக்குள் ஊறிப்போனதைத்தான் சொன்னான்.

"சரி, எத்தனை மூட்டை அங்க இருந்திருக்குன்னு பாருங்க தம்பி" என்றாள் பூரணி. இந்தக் கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டும். பழைய காலமாக இருந்தால் பதிலே கிடைத்திருக்காது. நூற்றிருபதையும் ஒதுக்கிவைத்து, வாடிக்கைக்காரரிடம் கையைப் பிசைந்திருப்போம். சின்னத்தொரை அரை நிமிஷத்தில் பத்தொன்பது என்று சொல்லி இலக்கங்களையும் கொடுத்துவிட்டது.

பூரணி அந்தப் பத்தொன்பதையும் மோந்தாள். எல்லாவற்றிலும் கற்பூரம். அதோடு விடவில்லை, மிச்சத்தையும் ஒவ்வொன்றாக அமுக்கினாள். இந்தத் தடவை யாரும் அவசரப்படுத்தவில்லை. லொறிக்காரருக்கு ஸஃப்வானே பிளேன்டீ வாங்கிக் கொடுத்தான். எண்பத்தாறாவது மூட்டையில் பூரணி தலையை நிமிர்த்தினாள்.

"இதுலயும் வருதே. இது லிஸ்டுல இருக்கா?"

இல்லை. சிஸ்டத்தின்படி அந்த மூட்டை உள் ரேக்கை விட்டு அசையவே இல்லை. ஸஃப்வான் இரண்டு தடவை பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். அப்போது ஆண்டியப்பன் தலையைச் சொறிந்துகொண்டு முன்னால் வந்தான்.

"அது நாந்தாங்க. ஸ்கேனர் பெட்ரி செத்துப்போச்சு. ஸ்கேன் பண்ணாமலே கதவோரத்துல சாத்தி வச்சிட்டு, திங்கக்கெழமை தூக்கி உள்ள வச்சேன்."

ஸஃப்வான் பூரணியைப் பார்த்தான். அந்தப் பார்வை காலையில் பார்த்த பார்வை இல்லை. "எனக்கு இது தெரியவே தெரியாது அக்கா" என்றான். இருபது மூட்டையையும் ஒதுக்கினார்கள். அதே தரத்தில் வேறு இருபது எங்கே இருக்கிறது என்று சிஸ்டம் காட்டியது. பூரணி அவற்றையும் மோந்து சரி என்றாள். ஒரு மணிக்கு லொறி புறப்பட்டது.

பின்னேரம் மஃறூப் முதலாளி எல்லோரையும் கூப்பிட்டார். ஸஃப்வான் நடந்ததை மறைக்காமல் சொன்னான். பிறகு, "ஒரு விஷயம்தான் வெளங்கல்ல வாப்பா. சாமான் லிஸ்டுல 'எதோட சேத்து வைக்கக் கூடாது'ன்னு ஒரு கட்டம் குடுத்திருந்தேன். அது எல்லாத்துக்கும் வெறுமையா இருக்கு" என்றான்.

அந்த லிஸ்டை நிரப்பியவன் நான். நானூற்றுப் பன்னிரண்டு சாமான். எடை எழுதினேன், அளவு எழுதினேன், உடையுமா உடையாதா என்று எழுதினேன். அந்தக் கட்டத்தைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்ததுதான் ஞாபகம். தேயிலையைக் கருவாட்டோடு வைக்கக் கூடாது என்று யாராவது எழுதுவார்களா? எல்லாருக்கும் தெரிந்ததை எழுதுவது எனக்கு வெட்கமாக இருந்தது. விட்டுவிட்டேன்.

"அது என் பிழை" என்று சொன்னேன். அந்த மூன்று சொல்லுக்கு எனக்கு மூச்சு வாங்கியது. "இந்த மலையில தெரியாதவன் யாரு இருக்கான்னு நெனச்சு விட்டுட்டேன்."

"சிஸ்டத்துக்குத் தெரியாதே அங்கிள்" என்றான் ஸஃப்வான், மரியாதையாகத்தான்.

முதலாளி தாடியைத் தடவினார். "யோகேஸ்வரன், நீங்க விட்ட கட்டத்துக்கு பூரணியில்ல தன்ட வேலையக் கொண்டு அடகு வச்சிருக்கு" என்றார். அதைவிட ஒரு அறை விட்டிருக்கலாம். பிறகு மகன் பக்கம் திரும்பினார். "ஆறு பேரு கதைய இனி எடுக்காத மகன். ஏழு பேருந்தான். பூரணி எத்தனை எடுத்தாங்கன்னு எண்ண வேணாம். அவங்க வேணாங்கிற மூட்டையத் தொடக் கூடாதுன்னு ஒன்ட மெஷினுக்குச் சொல்லிக்குடு."

 பூரணி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த இரண்டு நாளும் பூரணியும் நானும் அந்த வெற்றுக் கட்டங்களை நிரப்பினோம். அவள் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்ததில் பாதி எனக்குத் தெரியவில்லை. சவர்க்காரம் தெரியும், கருவாடு தெரியும். புது ரப்பர் செருப்பு தெரியாது. கொசு விரட்டக் கொளுத்துகிற நுளம்புத் திரி எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்று தெரியாது. பெருங்காயத்துக்கு வந்தபோது, "அதுவும் தேயிலையும் மாமியா மருமக மாதிரிங்க. ஒரே கூரைக்குக் கீழ ஆகாது" என்றாள். பெருங்காயத்தைப் பின்பக்கத்துக் கொட்டகைக்கே அனுப்பினோம்.

ஒதுக்கிய இருபது மூட்டையை முதலாளி விற்கவில்லை. கோயில் திருவிழாவுக்குக் கொடுத்தார். கற்பூரத் தேயிலை அங்கே யாருக்கும் குறையாகத் தெரியவில்லையாம்.

இப்போது எல்லா மூட்டையையும் மோந்து பார்க்கிற வேலை பூரணிக்கு இல்லை. எது மழையில் வந்தது, எது கதவோரத்தில் அதிக நேரம் நின்றது என்று சின்னத்தொரை கணக்குப் பார்த்து, இன்றைக்கு இந்த நாற்பதை மட்டும் பாருங்கள் என்று ஸ்கேனரில் அனுப்புகிறது. அவள் அந்த நாற்பதையும் பார்ப்பாள். தன் பங்குக்கு நாலைந்தைச் சும்மாவும் அமுக்கிப் பார்ப்பாள். "அவருக்கு மூக்கு இல்ல, எனக்கு ஞாபகம் இல்ல. சரியாப் போச்சு" என்று சிரிக்கிறாள். அவள் இப்படி வாய்விட்டுச் சிரித்து மூன்று மாதமாகியிருந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மார்ச் கடைசி வெள்ளிக்கிழமை, சாப்பாட்டு நேரத்தில் என் மேசைக்கு வந்தாள்.

"ஐயா, ஒரு கடுதாசி எழுதித் தரணுங்க. தோட்டத்து ஒபீசுக்கு."

"என்ன விஷயம்?"

மேசையின் விளிம்பைத் தடவினாள். "மாசி மாசமே போயி, தோட்டத்துல ஆள் எடுக்குற கண்டாக்கையாவப் பாத்து, ஏப்ரல் ஒண்ணுலருந்து கொழுந்துக்கு வாறேன்னு பேரு குடுத்துட்டேங்க. மழைக்கு இடுப்புல கட்டுற புதுப் படங்குச் சாக்கும் வாங்கி வச்சேன். வீட்டுல யாருக்கும் தெரியாது. லோஜினிக்குத் தெரிஞ்சா படிப்ப விட்டுட்டு நானும் வேலைக்குப் போறேன்னு நிப்பா."

 லொறிக்கு முன்னால் நின்ற அன்றைக்கு, அவளுக்கு எல்லாம் முடிந்துபோய் ஒரு மாதமாகியிருந்திருக்கிறது. போகப் போகிற இடத்தில் பெயரும் கொடுத்துவிட்டு, இந்த இடத்துப் பெயர் கெடக் கூடாது என்று லொறியை மறித்திருக்கிறாள். தேயிலைக்கு வாசம் ஆகாது என்று சிஸ்டத்துக்குச் சொல்லாத என் ஒரு வெற்றுக் கட்டம் இவளை மறுபடி அட்டைக்கும் மழைக்கும் அனுப்பப் பார்த்தது. தாளை எடுத்தேன்.

"பேரை எடுக்கச் சொல்லி எழுதணும். காரணம் என்னன்னு போட?"

யோசித்தாள். "இங்க கொம்பியூட்டரும் நானும் சேந்து தேயிலை ஸ்டோர் பாக்குறோம்னு எழுதுங்க. பொய் இல்லையே?"

"பொய் இல்லை" என்றேன்.

என் அழகான கையெழுத்தில் எழுதினேன். 'இங்கு கணினியும் நானும் இணைந்து தேயிலைக் களஞ்சியத்தைக் கவனித்து வருவதால், கொழுந்து வேலைக்கு வர இயலாது என்பதைத் தாழ்மையுடன் அறியத் தருகிறேன்.' பூரணி தாளை வாங்கி ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். மறுபடியும் படித்தாள். பேனாவை வாங்கினாள், கையெழுத்துப் போடவில்லை.

"ஐயா, நான் வாய் தவறிச் சொல்லிட்டேன். என்னைய முன்னால போட்டு எழுதுங்க. அது பொறகு வரட்டும்."

வேறு தாள் எடுத்து மாற்றி எழுதிக் கொடுத்தேன்.